யார் மேல் வழக்குப் போடுவது?

ஆசிரியருக்கு,

கொரிய சினிமா என்றாலே கத்திக்குத்து, பழிவாங்கல் என்று முடிவுகட்டுகிறவர்கள் ‘நெக்ஸ்ட் சோஹீ’யைப் பார்க்க வேண்டும். ஜொஞ்சு நகரக் கால் சென்டர் ஒன்றில் பயிற்சிக்குப் போன தொழிற்கல்விப் பள்ளி மாணவி 2017-இல் தற்கொலை செய்துகொண்ட சம்பவத்தை வைத்து, இயக்குநர் ஜூலை ஜங் 2022-இல் எடுத்த படம். இணைய இணைப்பைத் துண்டிக்கச் சொல்லி அழைக்கிற வாடிக்கையாளரை எப்படியாவது பேசி மடக்குவதுதான் படத்தில் வரும் சோஹீ என்ற பெண்ணுக்கு வேலை. யார் எத்தனை பேரை மடக்கினார்கள் என்ற கணக்கு எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதியிருக்கும். ஊக்கத்தொகை கேட்டால் மட்டும் அப்புறம் பார்க்கலாம் என்பார்கள்.

பிற்பாதி இழுவை என்கிறார்கள், எனக்கு அதுதான் படமே. விசாரிக்க வரும் போலீஸ் அதிகாரியாக பே டூனா கம்பெனி, பள்ளி, கல்வி அலுவலகம் என்று ஏறி இறங்குகிறார், பள்ளியைக் கேட்டால் வேலைவாய்ப்பு சதவீதம் குறைந்தால் மானியம் போய்விடும் என்கிறது, மேலே இருப்பவர்களும் அதே சதவீதத்தைத்தான் காட்டுகிறார்கள், சட்டையைப் பிடிக்க ஒரு வில்லன்கூடக் கிடைப்பதில்லை.

2023 பிப்ரவரியில் கொரியாவில் வெளியானது. அடுத்த மாதமே பயிற்சி மாணவர்களைக் கட்டாய வேலையிலிருந்தும் பணியிடக் கொடுமையிலிருந்தும் காக்கும் சட்டத்திருத்தம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அதைப் பற்றி ஒரு கட்டுரை போடுங்களேன்.

வாசகர், திண்டுக்கல்