மலருக்கு, அம்மா எழுதுவது

அன்புள்ள மலர்,

மூன்று வாரமாக உன்னிடமிருந்து போன் இல்லை. வேலை அதிகம் என்று தம்பி சொன்னான். இருக்கட்டும். நீ வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைப் பற்றி அறிக்கை எழுதும் வேலையைப் பற்றித்தான் இந்தக் கடிதம். நானும் அதே வேலை பார்த்தவள்தானே.

படிவம் 22-ஐ, அதாவது பாதுகாப்பு தேவைப்படும் பிள்ளையின் குடும்பத்தைப் பற்றிய சமூக விசாரணை அறிக்கையை, ஒரே நாளில் முடி என்று மேலே உள்ளவர்கள் நெருக்குவார்கள். சிறார் நீதிச் சட்டம் உனக்கு 15 நாள் தருகிறது. அந்த வீட்டுக்கு இரண்டு தடவையாவது போ. கூலி வாங்கிய மறுநாள் ஒன்று, கூலிக்கு முந்தின நாள் ஒன்று. இரண்டு நாளும் அடுப்பு ஒரே மாதிரி எரியாது. ஆபீஸ் வண்டியைத் தெருமுனையிலேயே நிறுத்து.

உட்கார்ந்ததும் கேள்வியை ஆரம்பிக்காதே. நீ யார், யார் அனுப்பினார்கள், என்ன எழுதுவாய், அதை யார் படிப்பார்கள் என்று சொல். குழந்தைக்கு ஆபத்து என்று தெரியவந்தால் மறைக்க முடியாது என்பதையும் அப்போதே சொல்லிவிடு. எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு கடைசியில் சொல்வது ஏமாற்று. "மாத வருமானம் எவ்வளவு?" என்று கேட்டால் தப்பான பதில்தான் வரும். அன்றாடக் கூலிக்கு ஏது மாதக் கணக்கு? கூட்டிச் சொன்னால் உதவி போய்விடுமோ என்ற பயம் வேறு. போன வாரம் எத்தனை நாள் வேலை, அரிசி எத்தனை கிலோ, மகளிர் குழுத் தவணை எவ்வளவு, செங்கல் சூளையில் வாங்கிய முன்பணம் எவ்வளவு கடனாக நிற்கிறது என்று கேள். பிள்ளையை வீட்டிலேயே வளர்க்க அரசு மாதாமாதம் தரும் நிதி ஆதரவு 4,000 ரூபாய் வாங்கித் தருகிறேன் என்று மட்டும் வாய்விடாதே. கிராமத்தில் ஆண்டு வருமானம் 72,000-க்குள் இருக்க வேண்டும். அப்படியே இருந்தாலும் முடிவு உன் கையில் இல்லை.

பக்கத்து வீட்டில் "இந்தம்மா எப்படி?" என்று விசாரிக்காதே. பழைய வாய்க்கால் சண்டைதான் பதிலாக வரும். போட்டோ வேண்டாம். பிள்ளையின் முகம் ஆபீஸ் வாட்ஸப்பிலிருந்து வெளியே போனால் அதே சட்டத்தின் பிரிவு 74. ஆறு மாதம் வரை சிறை.

'பொறுப்பற்ற தாய்' என்று எழுதாதே. 'மாலை 6 மணிக்கு 3 பிள்ளைகள் தனியாக இருந்தனர், தாய் 8.10-க்கு வேலையிலிருந்து வந்தார்' என்று எழுது. முன்னதைப் படிப்பவர் பிள்ளைகளைக் குழந்தைகள் இல்லத்துக்கு அனுப்புவார். பின்னதைப் படிப்பவர் அந்த இரண்டு மணி நேரத்துக்கு ஓர் ஆள் தேடுவார். உன் எழுத்து என்னுடையதைவிடத் தெளிவு, அதனால்தான் எனக்குப் பயம். அந்தச் சொல்லை நானும் எழுதியிருக்கிறேன் மலர். கேட்காமல் அரிசி டப்பாவைத் திறந்தும் பார்த்திருக்கிறேன். என் கூட வந்த நாட்களில் நீயும் பார்த்திருப்பாய். எத்தனை அறிக்கை என்று எண்ண இப்போது துணிவில்லை.

வறுமை ஒன்றே பிள்ளையைப் பிரிக்கக் காரணமாகாது. இல்லம் கடைசி வழி என்று சட்டமே சொல்கிறது. பிள்ளை எங்கே இருக்க வேண்டும் என்று முடிவு செய்யும் குழந்தைகள் நலக் குழு போட்ட உத்தரவும் கல்வெட்டு இல்லை. திரும்பப் போய்ப் பார்த்து, கூடுதல் அறிக்கை கொடுத்து, பிள்ளைகளை வீட்டில் ஒப்படைக்கக் கேட்கலாம். எழுதியதை அந்தத் தாய்க்குப் படித்துக் காட்டு. தப்பு என்று அவள் சொல்வதையும் சேர்த்து எழுது.

ராத்திரி எத்தனை மணியானாலும் போன் செய். போகும்போது வண்டியைத் தெருமுனையிலேயே நிறுத்து.

அம்மா