உங்கள் வளவுத் தூண்கள்

அன்புள்ள சொக்கு,

அங்கே எல்லாரும் சுகந்தானே? இங்கே மூத்தவனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அதைப் போனில் பேசலாம். இப்போது எழுதுவது உங்கள் வளவுத் தூண்களை, அந்தப் பூர்வீக வீட்டுத் தூண்களைப் பற்றி.

பங்காளிகள் பிரித்து விற்ற அந்த பர்மாத் தேக்கு, முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளைத் தாண்டி எந்த ஊர் ஓட்டலுக்குப் போனதோ! மரம் திரும்பாது. வடிவத்தை மீட்டுவிடலாம் என்கிறேன்.

ரிட்டயர் ஆனபின் போட்டோகிராமெட்ரியில் இறங்கிவிட்டேன். பல போட்டோக்களை வைத்து ஒரு பொருளின் முப்பரிமாண வடிவத்தைக் கணினியில் கட்டும் வித்தை அது. தூணைச் சுற்றி வந்து, ஒரு படத்தில் விழுந்ததில் முக்கால்வாசி அடுத்த படத்திலும் விழும்படி எடுக்க வேண்டும். ஒரே புள்ளி எந்தெந்தப் படத்தில் எங்கெங்கே இருக்கிறது என்று பார்த்து, கேமரா நின்ற இடம், அந்தப் புள்ளி இருக்கும் இடம் இரண்டையும் கணினி சேர்த்தே கணக்கிடும். உளி கொத்திய கோயில் கருங்கல் தூண் அட்டகாசமாக வருகிறது. நம் வீட்டு முட்டைப் பூச்சுச் சுவர்தான் சோதனை. பிடித்துக்கொள்ள ஒரு புள்ளி கிடையாது. போதாததற்கு அதன் வழவழப்பில் மின்னும் வெளிச்சம் நாம் நகர நகரத் தானும் நகரும். மெருகேற்றிய தேக்கும் அதே சண்டித்தனம்.

இல்லாத தூணை எப்படி எடுப்பாய் என்பாய். 2001-இல் ஆப்கானிஸ்தானில் தகர்த்தார்களே பாமியான் புத்தர் சிலைகள், அதில் பெரிய சிலையை 1970-இல் எடுத்த பழைய படங்களைக் கொண்டே சூரிச் ஆய்வாளர்கள் கணினியில் கட்டினார்கள். உங்கள் வீட்டில் எத்தனை கல்யாணம், எத்தனை அறுபதாம் கல்யாணச் சாந்தி! முகப்பில் நிற்கும் மாப்பிள்ளைக்குப் பின்னால் ஒவ்வொரு படத்திலும் அதே தூண், வேறு வேறு கோணத்தில். அளவுக்குத் தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் இருக்கிறது. நீ ஞாபகத்துக்கு எடுத்துப்போன கல்லை அளந்து சொன்னால், படத்தில் தெரியும் தரையை வைத்துத் தூணின் உயரம் வந்துவிடும்.

எந்தப் படத்திலும் விழாத பக்கத்தை, தெரிகிற பக்கத்தைப் புரட்டிப் போட்டு நிரப்புவார்கள். நானும் செய்வேன், ஆனால் அந்த இடத்துக்கு வேறு நிறம் கொடுத்துத்தான். தச்சர் இரண்டு பக்கமும் ஒன்றுபோலச் செதுக்கினார் என்று யார் கண்டது?

ஆல்பத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பாதே, படத்தைச் சுருக்கிவிடும். ஸ்கேன் செய்து மெயிலில் போடு. அழகுக்காக ஓரத்தை வெட்டிவிடாதே. லென்ஸின் மையம் எங்கே என்று அந்த ஓரங்களை வைத்துத்தான் கண்டுபிடிக்கணும். நெகட்டிவ் இருந்தால் இன்னும் நல்லது. ஆச்சியிடம் கேள், பழசு எதையும் தூக்கிப் போட்டிருக்க மாட்டார்கள்.

உன்,
வயிரவன்
காரைக்குடி