மூடப்போகும் தோட்டத்தைப் பற்றி மகளுக்கு

கோவை,
28.12.2025

அன்புள்ள மகளுக்கு,

நேற்றிரவு போனில் நீ சொன்னதைக் கேட்டதிலிருந்து மனம் அதையே சுற்றிக்கொண்டிருக்கிறது. உங்கள் கம்பெனி நடத்திவரும், போனில் ஆடும் தோட்ட விளையாட்டை மார்ச் மாதக் கடைசியில் நிறுத்தப்போகிறார்கள் என்றும், அதை ஆடுகிறவர்களுக்குத் தெரிவிக்கும் ஸ்கிரீனை வடிவமைக்கும் வேலை உன்னிடம் வந்திருக்கிறது என்றும் சொன்னாய். "ஒரே ஒரு ஸ்கிரீன்தானே அம்மா, அரை நாளில் முடித்துவிடுவேன்" என்றாய். அதற்கு நான் அப்போது பதில் சொல்லவில்லை. போனில் சொல்லி முடிகிற பதிலாக அது இல்லாததால் இப்போது எழுதுகிறேன். 25 ஆண்டுகளாக வீட்டில் உட்கார்ந்தே பிறருக்கு வெப்சைட் செய்து கொடுத்துப் பிழைக்கிறவள் நான். நான் திறந்து வைத்த தளங்களில் பாதி எனக்கே மறந்துவிட்டது. மூடிய தளங்களில் ஒன்று மட்டும் இன்றுவரை என்னை விடவில்லை.

நீ ஏழாவது படிக்கும்போது நடந்தது அது. கோலப்பொடி வியாபாரம் செய்த ஒருவருக்காக, பெண்கள் தாங்கள் போட்ட கோலங்களைப் படமெடுத்து ஏற்றிப் பேசிக்கொள்ளும் ஒரு தளத்தை 2007-இல் கட்டிக் கொடுத்திருந்தேன். பொடி விற்பதற்காக அவர் தொடங்கினார் என்றாலும், இரண்டே மார்கழிகளில் அது அந்தப் பெண்களின் வாசலாகிவிட்டது. ஒருத்தி படத்தை ஏற்றிப் புள்ளிக் கணக்கை எழுதுவாள். மறுநாள் காலை வேறு ஊரில் இருக்கும் இன்னொருத்தி அதே கோலத்தைத் தன் வாசலில் போட்டு, எந்த வளைவில் கை தடுமாறியது என்று பதில் எழுதுவாள். ஐந்தாண்டு கழித்து வியாபாரம் நொடித்ததும், ஹோஸ்டிங் பணம் இனிக் கட்ட முடியாது, தளத்தை எடுத்துவிடுங்கள் என்று அவர் சொன்னார். 'சேவை நிறுத்தப்பட்டது' என்று ஒரு வரிப் பக்கம் போட்டேன். பத்து நிமிட வேலை, 800 ரூபாய் கூலி.

மூன்று வாரம் கழித்து தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண் மின்னஞ்சல் அனுப்பினார். தம் அம்மா இறப்பதற்கு முந்தைய ஆண்டு போட்ட கோலங்களை அந்தத் தளத்தில்தான் ஏற்றி வைத்திருந்ததாகவும், போன் தொலைந்ததால் வேறு பிரதி இல்லை என்றும், அந்தப் படங்களை மட்டும் எப்படியாவது எடுத்துத் தர முடியுமா என்றும் கேட்டிருந்தார். அவர்கள் எழுதிய வரிகள் மட்டும் இருந்த டேட்டாபேஸ் ஃபைலின் நகல் என்னிடம் இருந்தது. படங்கள் இருந்த ஃபோல்டர் பெரிது. அன்றிருந்த இன்டர்நெட் வேகத்தில் அதை இறக்க நாள் கணக்கில் ஆகும் என்று விட்டுவிட்டேன். அந்த டேட்டாபேஸ் ஃபைலைத் திறந்து தேடினேன். '15 புள்ளி, இடுக்குப்புள்ளி, 8 வரை, நடுவில் தாமரை, ஓரத்தில் அம்மா சேர்த்த கிளி' என்ற வரி அப்படியே இருந்தது. கோலம் இல்லை. அந்த வரிகளைத்தான் அவருக்கு அனுப்பினேன். புள்ளி எத்தனை என்பது தமக்குத் தெரியும், அம்மாவின் இழை எப்படி ஓடியது என்பதற்காகத்தான் கேட்டேன் என்று அவர் பதில் எழுதினார். கோபமாக ஒரு சொல்கூட அதில் இல்லை.

நான் செய்த தவறு எது என்று பல நாள் யோசித்திருக்கிறேன். மூடியதில் தவறில்லை. பணம் இல்லாதபோது எந்தக் கடையும் மூடித்தான் ஆக வேண்டும். உள்ளே இருந்தவை அந்தப் பெண்களுடைய உடைமைகள் என்பதை நினைக்காமல், கிளையண்டின் சொத்தை அவர் சொன்னபடி அப்புறப்படுத்துகிறேன் என்று நினைத்ததுதான் தவறு. முப்பது நாள் முன்னறிவிப்பும், அவரவர் படங்களை இறக்கிக்கொள்ள ஒரு பட்டனும் வைத்திருந்தால் போதும். அந்தப் பட்டனை எழுத எனக்கு ஒரு நாள் பிடித்திருக்கும்.

இணையத்தின் வரலாற்றில் இந்தத் தவறு பெரிய அளவிலும் நடந்திருக்கிறது. 1990-களில் சாதாரண மக்கள் தங்களுக்கென்று பக்கம் கட்டிக் குடியேறிய இடம் ஜியோசிட்டீஸ். பேட்டை பேட்டையாகப் பெயர் வைத்து, வீட்டு எண் போலப் பக்கத்துக்கு எண் கொடுத்த தளம் அது. 1999-இல் யாஹூ அதை வாங்கியது. 2009 அக்டோபரில் மூடியது. ஆர்க்கைவ் டீம் என்ற தன்னார்வலர் கூட்டம் இரவு பகலாகப் பக்கங்களை நகலெடுத்திராவிட்டால் இன்று மிஞ்சியிருப்பது இன்னும் குறைவாகவே இருக்கும். நம் ஊர்ப் பிள்ளைகள் கூடிக் கிடந்த ஆர்குட் என்ற சமூக வலைத்தளம் 2014 செப்டம்பர் 30 அன்று மூடப்பட்டபோது நிலைமை சற்று மேலாக இருந்தது. மூன்று மாதம் முன்பே சொன்னார்கள், அவரவர் படங்களையும் பதிவுகளையும் எடுத்துக்கொள்ள வழி வைத்தார்கள், பொதுக் குழுக்களின் உரையாடல்களைச் சில காலம் படிப்பதற்காகவாவது விட்டு வைத்தார்கள்.

விளையாட்டுகளில் இது இன்னும் கடினம். ஒரு படத்தை இறக்கிக்கொள்வது போல ஓர் உலகத்தை இறக்கிக்கொள்ள முடியாது. சிட்டி ஆஃப் ஹீரோஸ் என்ற ஆன்லைன் விளையாட்டு 2004-இல் தொடங்கியது. அதை நிறுத்தப்போவதாக என்சிசாஃப்ட் நிறுவனம் 2012 ஆகஸ்ட் 31 அன்று அறிவித்ததும், ஆயிரக்கணக்கானவர்கள் அந்த விளையாட்டுக்குள்ளேயே அட்லஸ் பார்க் என்ற இடத்தில் கூடி, தங்கள் கதாபாத்திரங்களின் கையில் தீப்பந்தம் ஏந்தி நின்றார்கள். அவ்வாண்டு நவம்பர் 30-இல் விளையாட்டு மூடப்பட்டது. ஆனால் அவர்கள் கலையவில்லை. 2019-இல் ரசிகர்கள் நடத்தும் சர்வர்கள் வெளியே வந்தன. 2024 ஜனவரியில் அவற்றில் ஒன்றுக்கு அதே நிறுவனம் உரிமமும் கொடுத்தது. சர்வரை அணைத்துவிட்டால் கூட்டமும் அணைந்துவிடும் என்று கணக்குப் போடுகிறவர்களிடம் இதை நீ தயங்காமல் சொல்லலாம்.

உனக்கு மிகவும் பயன்படக்கூடிய முன்னுதாரணம் க்ளிட்ச். பதினோரு பூதங்களின் கற்பனைக்குள் ஓர் உலகம், அதில் சண்டை கிடையாது, பன்றியைத் தடவிக்கொடுக்கலாம், பட்டாம்பூச்சியிடம் பால் கறக்கலாம் என்று மனதுக்கு இதமாகச் செய்யப்பட்ட விளையாட்டு. டைனி ஸ்பெக் என்ற சிறிய நிறுவனம் 2011 செப்டம்பரில் அதை வெளியிட்டது. போதுமான ஆட்கள் சேரவில்லை. ஃப்ளாஷ் என்ற பழைய மென்பொருளில் கட்டியிருந்ததால் போனுக்குக் கொண்டுபோகவும் முடியவில்லை. 2012 டிசம்பர் 9 அன்று மூடிவிட்டார்கள். அந்தக் குழு தன் உள்வேலைக்காகச் செய்துவைத்திருந்த அரட்டைக் கருவிதான் பிறகு, அலுவலகங்களில் பேசிக்கொள்ளப் பயன்படும் ஸ்லாக் ஆயிற்று என்பதற்காகவே எல்லோரும் இந்தக் கதையைச் சொல்வார்கள். எனக்கு அந்தப் பகுதி அவ்வளவு முக்கியமில்லை. காசு கட்டியிருந்தவர்களுக்குத் திருப்பிக் கொடுக்க அவர்கள் ஏற்பாடு செய்தார்கள். மறு ஆண்டு, விளையாட்டின் ஓவியங்களையெல்லாம் யார் வேண்டுமானாலும் எதற்கு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று பொதுவுடைமையாக்கினார்கள். அவற்றை வைத்து அந்த உலகத்தைத் திரும்பக் கட்டும் முயற்சிகள் ஒன்றுக்கு மேல் நடந்தன. மூடுகிறவர்கள் இவ்வளவு செய்ய முடியும் என்பதற்கு அது சாட்சி.

இனி உன் ஸ்கிரீனுக்கு வருகிறேன். நீ அனுப்பிய மாதிரியைப் போனில் பெரிதாக்கிப் பார்த்தேன். மேலே வாடிய பூ ஒன்று, அதன் கீழ் நான்கு வரி நன்றி, நன்றிக்குள் எங்கேயோ தேதி, அடியில் 'சரி' என்று ஒரே ஒரு பட்டன். அந்தப் பட்டன் என்னை உறுத்துகிறது. இரண்டு ஆண்டு நீர் ஊற்றி வளர்த்த தோட்டத்தை எடுத்துவிடப்போகிறோம் என்று சொல்லிவிட்டு, மறுக்க வழியே இல்லாத ஒன்றுக்கு அவர்களையே 'சரி' என்று சொல்ல வைக்கிறோம். அந்த இடத்தில் 'என் தோட்டத்தை எடுத்துக்கொள்' என்று வை. அதைத் தொட்டால் தோட்டம் முழுவதும், செடி வைத்த தேதியோடும் அவர்கள் விளையாட்டில் சேர்ந்திருக்கும் குழுவின் பெயரோடும், அச்சடிக்கும் அளவுக்குத் தெளிவான படமாகப் போனில் சேமிக்கப்பட வேண்டும். போனிலேயே படத்தை உருவாக்கினால் உங்கள் சர்வருக்குச் சுமையும் இருக்காது. தேதியை எல்லாவற்றுக்கும் மேலே, மணியோடு, பெரிய எண்ணில் போடு. வாடிய பூவை எடுத்துவிடு. அவர்கள் செடியை அவர்கள் வாட விடவில்லை.

குழு அரட்டையைப் பற்றிக் கேட்டிருந்தாய். அதை முழுவதுமாக ஒரு ஃபைலாகக் கொடுத்துவிடலாம் என்பது முதலில் எனக்கும் தோன்றியது. ஆனால் இருபது பேர் பேசியதில் ஒருவருக்குச் சொந்தமானது அவர் சொன்னவை மட்டுமே. தன் கணவருக்கு உடம்பு சரியில்லை என்று ஒரு நடுராத்திரியில் குழுவில் ஒருவர் எழுதியிருப்பார். அது வேறு பத்தொன்பது பேரின் போனில் நிரந்தரமாகக் கிடப்பதை அவர் விரும்புவாரா என்பதை நாம் முடிவு செய்ய முடியாது. ஆகவே அவரவர் எழுதியதை அவரவருக்குக் கொடு. குழுவினர் வெளியே தொடர்பில் இருக்க விரும்பினால், இரண்டு பேரும் சம்மதித்தால் மட்டுமே ஒருவர் கொடுக்கும் முகவரி மற்றவருக்குத் தெரியும்படி வை. இதைச் செய்ய உங்கள் டெவலப்பர்களுக்கு ஒரு வாரம் ஆகும் என்பார்கள். அந்த ஒரு வாரத்தைக் கேட்டு வாங்கு.

விளையாட்டுக்குள் காசுக்கு நாணயம் விற்கும் கடையை இன்றே மூடச் சொல். அறிவிப்பு போன பிறகும் நாணயம் விற்பது நேர்மையல்ல. நீயும் நானும் ஆடிய ஃபார்ம்வில் 2020 டிசம்பர் 31-இல் முடிந்தபோது, காசு வாங்குவதை அதற்கு ஆறு வாரம் முன்பே, நவம்பர் 17-இலேயே நிறுத்திவிட்டார்கள். அந்த விளையாட்டின் மேல் எனக்கு வேறு வருத்தங்கள் உண்டு. நட்டதை நேரத்துக்கு அறுக்காவிட்டால் வாடிவிடும் என்று வைத்திருந்தார்கள். நாலு மணி நேர ஸ்ட்ராபெர்ரிக்காக நீ அலாரம் வைத்து எழுந்து, பள்ளிச் சீருடையோடு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்ததை அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். பயத்தால் ஆளை இழுத்து வைக்கும் வடிவமைப்பு அது. உங்கள் தோட்டத்தில் அந்தக் கெடு கிடையாது என்று நீ சேர்ந்த புதிதில் பெருமையாகச் சொன்னாய். வரும் மூன்று மாதத்திலும் அதைக் காப்பாற்று. 'இன்னும் 5 நாள்தான்' என்று நாளுக்கொரு நோட்டிபிகேஷன் அனுப்பி அழைக்க யாராவது யோசனை சொன்னால் மறுத்துவிடு.

கடைசி நாளின் நேரத்தையும் நீயே பார்த்துக்கொள். சர்வர் வேலைகளுக்கு வசதி என்று பெரும்பாலும் அதிகாலை 3 மணியைக் குறிப்பார்கள். உங்கள் ஆட்டக்காரர்களில் பாதிப் பேர் சமையல் முடித்து, பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு 10 மணிக்கு வருகிறவர்கள் என்று நீதான் சொன்னாய். அவர்கள் விழித்திருந்து, குழுவாகக் கூடி நிற்கக்கூடிய ஒரு ராத்திரி 11 மணியாக அது இருக்கட்டும்.

கடைசியாக, மூடிய பின் உங்கள் வெப்சைட் முகவரிக்கு வருகிறவர்களுக்கு என்ன காட்டுவது என்பது. இல்லாத பக்கத்துக்கு சர்வர் 404 என்ற எண்ணைத் திருப்பி அனுப்புவது எல்லோருக்கும் தெரிந்தது. 'அப்படி ஒன்று கிடைக்கவில்லை' என்பது அதன் பொருள். 410 என்று இன்னோர் எண் இருக்கிறது. 'இங்கே ஒன்று இருந்தது, இப்போது எடுக்கப்பட்டுவிட்டது' என்று சொல்வதற்கென்றே உள்ளது அது. பெரும்பாலான டெவலப்பர்கள் அதை வைக்க மறந்துவிடுவார்கள். நானும் கோலத் தளத்துக்கு வைக்கவில்லை. உங்கள் முகவரிக்கு 410 வையுங்கள். அதனோடு எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை அந்தத் தோட்டம் இருந்தது என்று எழுதிய ஒரு சாதாரணப் பக்கமும் இருக்கட்டும். ஒரு சிறிய ஹெச்டிஎம்எல் ஃபைலை வைத்திருக்க ஆண்டுக்கு ஆகும் செலவு மிகக் குறைவு. கம்பெனி தயங்கினால் அந்த முகவரிக்கான டொமைன் பணத்தை நான் கட்டுகிறேன்.

பொங்கலுக்கு வரும்போது லேப்டாப்பைக் கொண்டுவா. அந்த எடுத்துக்கொள்ளும் பட்டனுக்கான நிரலை நாம் இருவரும் உட்கார்ந்து எழுதலாம். கோலத் தளத்தின் டேட்டாபேஸ் ஃபைல் இன்னும் என்னிடம் இருக்கிறது. அந்தப் புள்ளிக் கணக்குகளை இறக்கிக்கொள்ளும்படி ஒரு பக்கமாகப் போட வேண்டும் என்று பல ஆண்டுகளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். யாருடைய பெயரும் வெளியே தெரியாமல் அதை எப்படிச் செய்யலாம் என்று உன்னிடம் கேட்க வேண்டும்.

அன்புடன்,
அம்மா