வெளியான அன்றே தனி விலைக்கு விற்கப்படும் கதைப்பகுதி: புகார்

வாடிக்கையாளர் சேவைப் பிரிவின் மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் புதிய ரோல்-பிளேயிங் கேமை ப்ரீ-ஆர்டர் செய்து, முழு விலை கொடுத்து டிஸ்க் வாங்கியவன் நான். கேம் வெளியான அன்றே அதன் கதையில் ஒரு பகுதியை டிஎல்சி (கூடுதலாக டவுன்லோட் செய்யும் பகுதி) என்ற பெயரில் தனி விலைக்கு வைத்திருக்கிறீர்கள். அதைப் பற்றித்தான் இந்தப் புகார்.

வாளுக்கு வேறு நிறம், குதிரைக்குக் கவசம் என்று ஏதாவது விற்றிருந்தால் எழுதியிருக்கவே மாட்டேன். 2006-ல் ஆப்லிவியன் கேமில் குதிரைக் கவசத்தைக் காசுக்கு விற்றதற்கே பெரிய கோபம் எழுந்தது. ஆனாலும் அது அலங்காரம், வேண்டாதவர் விட்டுவிடலாம். நீங்கள் பூட்டி வைத்திருப்பது நாயகனின் தோழனை. இரண்டாம் அத்தியாயத்திலிருந்தே எல்லோரும் அவன் பெயரைச் சொல்கிறார்கள். போர் ஏன் மூண்டது என்பது அவன் ஒருவனுக்குத்தான் தெரியுமாம். அவன் இருக்கும் கோட்டை மேப்பில் தெரிகிறது, முடிக்க வேண்டிய குவெஸ்ட் (பணிகள்) பட்டியலிலும் ஏறிவிடுகிறது. வாசல்வரை போனால் ஸ்டோர் பக்கம் திறக்கிறது! இந்தக் கதையை இவ்வளவு அக்கறையாக எழுதியவர்கள் இதற்கு எப்படிச் சம்மதித்தார்களோ தெரியவில்லை.

கேம் சான்றளிப்புக்கு (வெளியாகும் முன் கன்சோல் நிறுவனம் நடத்தும் சோதனைக்கு) போன பிறகு கிடைத்த இடைவெளியில் தனிக் குழு இந்தப் பகுதியைச் செய்தது என்று உங்கள் உதவிப் பிரிவு பதில் அனுப்பியது. அப்படி ஓர் இடைவெளி உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. கன்சோல் நிறுவனம் சோதித்து முடிக்கும்வரை ஓவியர்களும் லெவல் டிசைனர்களும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியாது, அந்த உழைப்புக்குக் கூலியும் வேண்டும். ஆனால், கதை தெரியாமல் விட மனமில்லாமல் அந்த டிஎல்சியை வாங்கினேன். டவுன்லோட் ஆனது சில மெகாபைட்தான். ஒரு கோட்டையும் ஒரு கேரக்டரும் அத்தனை குரல் பதிவும் அதற்குள் அடங்குமா? டிஸ்கில் ஏற்கெனவே இருந்ததைத் திறந்துவிட்டிருக்கிறீர்கள். சான்றளிப்புக்குப் போன டிஸ்கிலேயே இருந்த ஒன்றை அதற்குப் பிறகு செய்ததாகச் சொல்வது எப்படிச் சரியாகும்?

இது தெரியாமல் நடந்த தவறு என்று நினைக்கவும் வழியில்லை. 2012-ல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் எக்ஸ் டெக்கன் என்ற சண்டை கேமின் டிஸ்கில் 12 வீரர்கள் பூட்டப்பட்டிருந்தது வெளியே வந்தது. அதே ஆண்டு மாஸ் எஃபெக்ட் 3, ஜாவிக் என்ற முக்கியமான தோழனை முதல் நாளே தனியாக விற்றது. இரண்டுக்கும் எழுந்த எதிர்ப்பு உங்கள் துறையில் இருப்பவர்களுக்குத் தெரியாததல்ல. டிஎல்சியே கூடாது என்று நான் சொல்லவில்லை. 2015-ல் வந்த தி விட்சர் 3, சிறு சேர்க்கைகள் 16-ஐ எல்லோருக்கும் இலவசமாகவே தந்தது. பெரிய விரிவாக்கங்களைப் பின்னால் தனியே செய்து விற்றார்கள், மகிழ்ச்சியோடு வாங்கினேன்.

முழு விலைக்கு வாங்கிய அனைவருக்கும் அந்தப் பகுதியை இலவசமாகத் திறந்துவிடுங்கள். என்னைப்போல் ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு அந்தத் தொகையைத் திருப்பித் தாருங்கள்; ஸ்டோர் கிரெடிட்டாக வேண்டாம், பணம் செலுத்திய கணக்குக்கே வர வேண்டும். இனி வரும் கேம்களில், எந்த எடிஷனில் கதையின் எந்தப் பகுதி இல்லை என்பதை ப்ரீ-ஆர்டர் பக்கத்திலேயே தெளிவாக எழுதுங்கள். ரசீது நகலையும் டவுன்லோட் அளவு தெரியும் ஸ்கிரீன்ஷாட்டையும் இணைத்துள்ளேன். பொறுப்பில் உள்ள ஒருவர் படித்து எழுதும் பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்