வாகனம் வாடகைக்குக் கொடுப்போர் கவனத்துக்கு

வணக்கம் உறவுகளே. கிளிநொச்சி, மாங்குளம், புதுக்குடியிருப்புப் பக்கம் நம் குழுவில் கார், வான் வாடகைக்குக் கொடுப்பதும் எடுப்பதும் கூடிவிட்டது. யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்கு அவசரமாக ஓடுகிறவர்களுக்கு இது பெரிய உதவி. நிறுத்தச் சொல்லவில்லை.

ஆனால் போன மாதம் என் காரை ஒரு தம்பிக்கு நாள் வாடகைக்குக் கொடுத்தேன். ஏ9 வீதியில் இரவு கட்டாக்காலி மாட்டில் அடிபட்டுவிட்டது. தம்பிக்குக் காயமில்லை, அதுவே பெரிய நிம்மதி. காப்புறுதிக்காரர் கேட்ட முதல் கேள்வி, "வாடகைக்கா கொடுத்தீர்கள்?" உண்மையைச் சொன்னேன். தனிப்பட்ட பாவனைக்கு எடுத்த காப்புறுதி என்று இழப்பீட்டை மறுத்துவிட்டார்கள்.

மூன்றாம் தரப்புக் காப்புறுதி நாட்டில் கட்டாயம்தான். அது அடிபட்ட மற்றவருக்கு. உங்கள் வாகனத்துக்கு அல்ல.

அமெரிக்காவில் கலிபோர்னியா 2010இலேயே இதற்குச் சட்டம் செய்தது. பகிர்வுத் திட்டத்தின் ஊடாக, அதாவது சொந்தக் காரை மற்றவர்களுக்குக் கொடுக்க ஒழுங்கு செய்யும் அமைப்பின் ஊடாக, காரைக் கொடுத்ததற்காக மட்டும் உரிமையாளரின் காப்புறுதியை ரத்துச் செய்ய முடியாது. கார் மற்றவர் கையில் இருக்கும்வரை பொறுப்பு அந்தத் திட்டத்தின் காப்புறுதிக்கு. ஆனால் வரும் வாடகை, காரை வைத்திருக்கும் ஆண்டுச் செலவைத் தாண்டக்கூடாது. இங்கேயும் அப்படி ஒரு விதி வேண்டும், நாம் எழுதிக் கேட்க வேண்டும்.

இப்போதைக்கு, கொடுக்க முன் உங்கள் காப்புறுதி நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். எடுப்பவரின் சாரதி அனுமதிப்பத்திரத்தைப் பாருங்கள். லீசிங் வாகனத்தைக் கம்பனியின் சம்மதம் இல்லாமல் குழுவில் போட வேண்டாம். மனு எழுதக் கூடியவர்கள் எனக்குத் தனியாக அறிவியுங்கள்.