குளோரைடு வரைபடம் போட்டவர்

ஆசிரியருக்கு வணக்கம்.

குடிநீர்ப் பரிசோதனை பற்றிய உங்கள் கட்டுரையில் வேதியியலாளர் எலன் ஸ்வாலோ ரிச்சர்ட்ஸ் பெயரைக் காணவில்லை. தண்ணீர் ஆய்வுக்கூடத்தில் 20 வருடம் வேலை பார்த்தவளுக்கு இது கொஞ்சம் உறுத்துகிறது.

அமெரிக்காவின் எம்.ஐ.டி. தொழில்நுட்பக் கல்லூரியில் பட்டம் பெற்ற முதல் பெண் அவர், ஆண்டு 1873. பிறகு 1887இல் தொடங்கி மாசசூசெட்ஸ் மாநிலம் முழுக்க ஆறு, ஏரி, கிணறு என்று ஆயிரக்கணக்கான மாதிரிகளைச் சோதித்தார்கள். அந்த ஆய்வுக்கூடத்தின் அன்றாடப் பொறுப்பு அவருடையது.

அதில் எனக்குப் பிடித்தது குளோரைடு வரைபடம். குளோரைடு என்றால் உப்பில் இருக்கும் குளோரின் பகுதி. கடற்கரையை விட்டு உள்ளே போகப் போக நிலத்து நீரில் உப்பு இயல்பாகவே குறையும். அந்த இயல்பான அளவுகளைக் கோடு கோடாக வரைபடத்தில் போட்டார். மனிதக் கழிவிலும் உப்பு உண்டு; அதனால் ஓர் ஊர்க் கிணற்றில் அதைவிடக் கூடுதலாக இருந்தால் பெரும்பாலும் சாக்கடை கலந்திருக்கிறது என்று அர்த்தம். எவ்வளவு எளிமை பாருங்கள்! நாங்கள் இன்றும் வெள்ளி நைட்ரேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு, மஞ்சள் நிறம் செங்கல் நிறத்துக்குத் திரும்பும் நொடிக்குக் காத்திருந்துதான் குளோரைடை அளக்கிறோம்.

சரி, பதவி? 1884இல் பயிற்றுநர் ஆனார். 1911இல் இறக்கும்வரை எம்.ஐ.டி.யில் அதே பயிற்றுநர்தான், பேராசிரியர் ஆக்கவில்லை. அவர் சொல்லிக்கொடுத்த மாணவர்களோ பல ஊர்களில் குடிநீர், கழிவுநீர்ப் பொறுப்புகளுக்குப் போனார்கள்.

அடுத்த முறை அந்த வரைபடத்தையும் வெளியிடுங்கள். எங்கள் கூடத்துச் சுவரில் ஒட்டிக்கொள்கிறேன்.

ஒரு வாசகி,
திருச்சி