ரிம் கடை முதலாளிமாருக்கு: பில்லில் அந்த நாலு இலக்கத்தையும் எழுதுங்கள்

மதிப்புக்குரிய முதலாளிமாருக்கு,

வணக்கம். பஞ்சிகாவத்தையிலும் கொழும்பின் மற்றப் பக்கங்களிலும் அலாய் ரிம் விற்கிற உங்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். எனக்கு ரிம் விற்ற கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஒரு கடையோடு சண்டை பிடித்து முடிகிற விஷயம் என்றால் அங்கேயே போய் முடித்திருப்பேன். ஆனால் அதற்குப் பிறகு நான் ஏறி இறங்கிய கடைகளிலும் அதே பதில்தான், அதே மாதிரி பில்தான்.

என்னுடையது சுசுகி வேகன்ஆர், சின்னக் கார். 155/65 டயரும் (155 மில்லிமீட்டர் அகலம், பக்கச் சுவரின் உயரம் அதில் 65 வீதம்) 14 அங்குல இரும்பு ரிம்முமாக ஜப்பானிலிருந்து வந்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது உங்களுக்குத் தெரியும். அந்த ஐந்து வருடமும் இருக்கிற காரைக் கழுவித் துடைத்து வைத்திருந்தவர்களில் நானும் ஒருவன். வேறு கார் வாங்க வழியில்லை, நல்ல ரிம்மாவது போடுவோம் என்று ஆசைப்பட்டேன். அந்த ஆசையில் பிழை இருப்பதாக இப்போதும் நான் நினைக்கவில்லை.

கடையில் நான் கேட்டது ஒரே கேள்வி: "இது என்ற காருக்குச் சரியா வருமா?" வந்த பதில்: "நாலு நட்தானே அண்ணே, நூறுதானே. போகும்." பில்லில் எழுதித் தந்தது: "15 அலாய் + டயர், 4." அவ்வளவுதான். மூன்று மாதச் சேமிப்புக்கு ஒரு வரி.

மூன்றாவது கிழமை, ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம். அம்மா, அக்கா, அக்காவின் இரண்டு பிள்ளைகள், நான். வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்குப் பொன்னம்பலவாணேசுவரர் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தோம். அதுவரை நான் தனியாகத்தான் ஓடியிருக்கிறேன், ஒரு சத்தமும் இருக்கவில்லை. அன்றைக்குப் பின் சீட்டில் நாலு பேர். ஒவ்வொரு பள்ளத்திலும் பின்னாலிருந்து "கிர்ர்" என்று ஒரு சத்தம். ரோட்டுத்தான் மோசம் என்று நினைத்து ஓடினேன். கோயிலை நெருங்கும்போது அம்மா, "தம்பி, என்னமோ எரியிற மணம் வருது" என்றார்.

ஓரமாக நிறுத்திவிட்டுக் குனிந்து, போன் வெளிச்சத்தைப் பிடித்துப் பார்த்தேன். பின் இடது டயரின் வெளித்தோளில், விரல் நுனி அளவு அகலத்துக்கு, சுற்றிவர ஒரு கோடு சீவுப்பட்டிருந்தது. கறுப்பு றப்பர் போய் உள்ளே பழுப்பு நிறத்தில் நூல் தெரிந்தது. கையை வைத்தேன், சுட்டது. மட்கார்ட் விளிம்பில் றப்பர்த் தூள் கறுப்பு மாவு மாதிரி ஒட்டியிருந்தது. அந்த டயருக்கு நேர் மேலேதான் அக்காவின் சின்னவள் உட்கார்ந்திருந்தாள். ஓடும்போது அது வெடித்திருந்தால் என்ற நினைப்பு வந்து, சாமான் பெட்டியைத் திறக்கக்கூடக் கை வரவில்லை. அம்மாவையும் பிள்ளைகளையும் ஓட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு, ஸ்பெயாரைப் போட்டுக்கொண்டு வீடு வந்தேன்.

அன்றிரவு பழைய ரிம் ஒன்றையும் புதிய ரிம் ஒன்றையும் கவிழ்த்துப் போட்டு, பின்பக்கம் பொறித்திருந்ததை வாசித்தேன். பழையது 4.5 அங்குல அகலம், ஆப்செட் 45. ஆப்செட் என்றால் ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து காரில் பொருந்துகிற தட்டு எத்தனை மில்லிமீட்டர் வெளியே இருக்கிறது என்ற கணக்கு; அது குறைந்தால் சில்லு வெளியே வரும். புதியது 6.5 அங்குலம், ஆப்செட் 38. கூடிய இரண்டு அங்குலத்தில் பாதி வெளிப்பக்கம் வரும், அது 25 மில்லிமீட்டர். ஆப்செட் குறைந்த 7 மில்லிமீட்டரும் வெளிப்பக்கம்தான். ஆக, ரிம்மின் வெளி விளிம்பு 32 மில்லிமீட்டர் வெளியே வந்திருக்கிறது. ஜப்பான் சட்டப்படி இந்த வகைக் காரின் மொத்த அகலமே 1.48 மீட்டரைத் தாண்டக் கூடாது. உள்ளே இடம் விட வேண்டும் என்பதற்காகச் சில்லை ஏற்கெனவே விளிம்புவரை தள்ளித்தான் வைத்திருக்கிறார்கள். அதில் ஒவ்வொரு பக்கமும் 32 மில்லிமீட்டர் வெளியே எடுத்தால் டயர் எங்கே போய் நிற்கும்? போதாததற்குப் போட்டுத் தந்தது 195/50 டயர், பழையதைவிட 19 மில்லிமீட்டர் உயரம். இந்தக் கணக்குக்குப் பெரிய படிப்பு தேவையில்லை. வருடக்கணக்காகத் தினமும் ரிம் தூக்கி வைக்கிற உங்களுக்கு இது என்னைவிட நன்றாகத் தெரியும். தெரிந்தும் "போகும்" என்று சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை.

திரும்பக் கொண்டுபோனேன். கடையில் சொன்ன பரிகாரம், மட்கார்ட் விளிம்பை அடித்து உள்ளே மடக்குவது. நான் சம்மதித்தேன், அது என் பிழை. மடக்கிய இடத்தில் பெயின்ட் முடி மாதிரி வெடித்தது. எங்கள் வீடு கரையோர ரயில் பாதைக்குப் பக்கத்தில். கடல் காற்று ஒரு கீறலையும் விடாது. இரண்டு மாதத்தில் அந்த வெடிப்பிலிருந்து செம்மண் நிறத்தில் துரு வடியத் தொடங்கிவிட்டது. இப்போது டிங்கர் வேலைக்கு வேறு காசு தேடுகிறேன்.

அதனால்தான் கேட்கிறேன், பில்லில் அளவை எழுதுங்கள். அகலம், ஆப்செட், பிசிடி (நட் ஓட்டைகள் நிற்கிற வட்டத்தின் விட்டம், கடையில் சொன்ன அந்த "நூறு"), நடு ஓட்டையின் விட்டம். நாலு இலக்கம். பேனையை எடுத்தால் அரை நிமிடம்.

நடு ஓட்டை ஏன் என்று சிலர் நினைக்கலாம், ஆகவே அதையும் சொல்லிவிடுகிறேன். சுசுகி ஹப், அதாவது சில்லு மாட்டுகிற இடத்தின் நடு மேடு, 54.1 மில்லிமீட்டர். எனக்குத் தந்த ரிம்மின் ஓட்டை 73.1. எல்லாக் காருக்கும் போகட்டும் என்று பெரிதாகச் செய்கிற ரிம், அது பரவாயில்லை. ஆனால் இடைவெளியை நிரப்புகிற வளையம் ஒன்று போட வேண்டும். போடவில்லை. கட்டுநாயக்க அதிவேக வீதியில் 80ஐத் தொட்டதும் ஸ்டீயரிங் கையில் நடுங்கியது. மூன்று தரம் பேலன்ஸ் பண்ணினேன், மூன்று தரமும் மெஷின் சைபர் காட்டியது. காட்டத்தானே செய்யும்! மெஷினில் கூம்பு ஒன்றைச் செருகி ஓட்டையை நடுவில் பிடித்துத்தான் சுழற்றுகிறார்கள். காரில் ஏற்றினால் அந்தக் கூம்பு இல்லை, நாலு நட்டில் ஒரு பக்கம் சரிந்து தொங்குகிறது. கடைசியில் வேறொரு கராஜ் பாஸ் சில நூறு ரூபாய்க்கு நாலு பிளாஸ்டிக் வளையம் போட்டுத் தந்தார். அன்றோடு நடுக்கம் நின்றது.

நட்டும் அப்படித்தான். சுசுகிக்கு 12க்கு 1.25 இழை (12 மில்லிமீட்டர் போல்ட், இழைக்கு இழை 1.25 மில்லிமீட்டர்), டொயோட்டாவுக்கும் ஹொண்டாவுக்கும் 12க்கு 1.5. ஒரே பெட்டியில் கைவிட்டு எடுத்து, கையால் இரண்டு சுற்றுக்கூடப் பிடிக்காமல் நட் இறுக்குகிற கன் மெஷினால் இறுக்கினால் போல்டின் இழை போய்விடும். என் மச்சானின் ஹொண்டா ஃபிட்டில் நடந்தது வேறு. ஹொண்டாவின் சொந்த நட்டுக்கு அடி உருண்டை, வெளி அலாய்க்குக் கூம்பு வேண்டும். பழைய நட்டையே திரும்பப் போட்டு அனுப்பிவிட்டார்கள். ஒரு கிழமைக்குள் நட்டெல்லாம் இளகிவிட்டது. தெஹிவளைச் சந்தியில் சத்தம் கேட்டு இறங்கிப் பார்த்ததால் தப்பினான்.

இதை யாரிடம் போய்ச் சொல்வது? வருடா வருடம் வாகன லைசன்ஸ் எடுக்கப் புகைப் பரிசோதனைக்குப் போகிறோம். குழாயில் கம்பியைச் செருகிப் புகையை அளக்கிறார்கள். காரைத் தாங்கி நிற்கிற நாலு சில்லையும் குனிந்து பார்க்க அங்கே ஒருவரும் இல்லை. டயர் மட்கார்டுக்கு வெளியே நிற்கிறது என்று வீதியில் பொலிஸ் நிறுத்தினால் பதில் சொல்வது ஓடுகிறவன். விபத்து என்றால் காப்புறுதிக்காரர் கேள்வி கேட்பதும் அவனைத்தான். நுகர்வோர் அதிகார சபைக்கு முறைப்பாடு கொண்டுபோகலாம் என்று நண்பர் ஒருவர் சொன்னார். போனால் பில்லைக் கேட்பார்கள். பில்லில் என்ன இருக்கிறது? "15 அலாய்." கடையில் வாங்கியது 15 அலாய்தான், அதில் பொய் இல்லை. இந்த நாட்டில் எதற்கும் பொறுப்பு கடைசியில் காசு கொடுத்தவன் தலையில்தான் வந்து விடிகிறது. அரிசி வாங்கினாலும் மருந்து வாங்கினாலும் இதே கதை.

மன்னிக்க வேண்டும், ஆத்திரத்தில் எங்கேயோ போய்விட்டேன். நான் கேட்க வந்தது பெரிய விஷயம் இல்லை.

உங்கள் தொழிலின் கஷ்டம் எனக்குத் தெரியாமல் இல்லை. டொலர் ஏறிய காலத்தில் நீங்கள் எப்படிக் கடையைத் திறந்து வைத்திருந்தீர்கள் என்பதையும் பார்த்தவன். பெரிய ரிம்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கிற பொடியன்கள் வருவார்கள், அதுவும் தெரியும். அவர்களுக்கு விற்பதையும் நான் மறிக்கவில்லை. இலக்கத்தை எழுதி, "இது வெளியே வரும், உரசும்" என்று சொல்லி விற்றால் வாங்குகிறவன் தெரிந்து வாங்குவான். எனக்கு யாராவது அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஏனென்றால் இதே காருக்கு 15 அங்குலம் சரியாகவே வரும். வேகன்ஆரின் இன்னொரு ரகமான ஸ்டிங்ரே சிலவற்றுக்கு சுசுகியே போட்டு அனுப்பியது, 4.5 அங்குல அகலம், ஆப்செட் 45, டயர் 165/55. உயரத்தில் 5 மில்லிமீட்டர்தான் வித்தியாசம். சுமை இலக்கம் இரண்டு டயருக்கும் 75, அதாவது ஒரு டயர் 387 கிலோ தாங்கும். இப்போது அப்படி ஒரு ஜப்பான் செட்டைத்தான் தேடிப்பிடித்துப் போட்டிருக்கிறேன். ஐந்து பேர் ஏறினாலும் சத்தமில்லை. முதல் நாளே அதைக் காட்டியிருந்தால் அந்தக் காசை அந்தக் கடைக்கே கொடுத்திருப்பேன்.

ஆகவே தயவுசெய்து, வாடிக்கையாளரின் பழைய ரிம்மை ஒரு தரம் கழற்றிப் பின்பக்கத்தை வாசியுங்கள். உங்கள் ரிம்மின் பின்பக்கத்தையும் வாசியுங்கள். இரண்டையும் பில்லில் பக்கம் பக்கமாக எழுதுங்கள். வளையம் போட்டதா, எந்த நட் போட்டது என்பதையும் கீழே ஒரு வரி. பணம் வாங்க முதல் பின் சீட்டில் இரண்டு பேரை ஏற்றி ரோட்டில் வேகத்தடை ஹம்ப் ஒன்றில் ஏறி இறங்க விடுங்கள். உங்கள் பொடியன்களுக்கும் இதைச் சொல்லிக் கொடுங்கள். "போகும்" என்று சொல்ல அவர்கள் யாரிடமோ பழகித்தானே இருக்கிறார்கள்.

சீவுப்பட்ட அந்த டயர் இன்னும் என் பால்கனியில் இருக்கிறது. உங்களில் யாராவது பார்க்க விரும்பினால் கடைக்கே கொண்டுவந்து காட்டுகிறேன்.

இப்படிக்கு,
வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாடிக்கையாளர்